ஒரு மோனைக்காக நான் வெட்டிய சொல்

சென்ற மாதம், நான் பணியாற்றி ஓய்வு பெற்ற பதுளைத் தொலைக்காட்சித் திருத்தகத்திலிருந்து ஒரு படம் என் திறன்பேசிக்கு வந்தது. புதிதாக இறக்குமதியாகும் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் தமிழ் வழிகாட்டித் தாள் அது. ஆங்கிலத்திலிருந்து கணினியே மொழிபெயர்த்ததாம். படத்தின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. "சார், இதைக் கொஞ்சம் திருத்திக் குடுங்க. வாசிச்சு வாசிச்சு வயிறு வலிக்குது. அப்படியே எந்த பிராண்ட் நல்லதுன்னு நம்ம ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையும் எழுதிருங்க."

அனுப்பியவர் ரவீந்திரன். இன்று அங்கே தலைமைத் திருத்துநர். என்னோடு பல்லாண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்தவர். என்னைப் 'புலவர் சார்' என்று கேலி செய்யும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டவர்.

படத்தை அச்செடுத்து வாசித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. 'தொலைவான கட்டுப்பாடு இறந்துவிட்டால் அதன் உயிரணுக்களை மாற்றுக' என்று இரண்டாம் வரி கூறியது. சிவப்புப் பேனாவை எடுத்து வரிக்கு வரி அடித்துக்கொண்டே வந்தேன். ஆறாம் வரியில் கை நின்றது. 'திரையில் தூசி இருக்கின்றது என்றால் காய்ந்த துணியால் அதைத் தட்டவும்.'

காய்ந்த.

கல்வியில்லாத ஓர் இயந்திரம் அச்சொல்லை விடாமல் எழுதியிருந்தது. நான் விட்டவன். அன்று காலை வெகுநேரம் அந்தத் தாளை வைத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. அந்த வரியைத் திருத்த எனக்கு என்ன தகுதி உண்டு? ரவீந்திரன் கேட்ட கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்க்கும் கட்டுரை அன்று இது.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் நான். பகலில் வானொலி திருத்தும் கடையில் ஈயம் உருக்கினேன். மாலையில் இலக்கணம் கற்றேன். பண்டிதத் தேர்விலும் தேறினேன். பல நிறுவனங்களின் பெட்டிகளை ஏற்றுத் திருத்தும் பதுளைத் திருத்தகத்தில் வேலையும் கிடைத்தது. திருத்துநர்களுள் தமிழ் முறையாகக் கற்றவன் நான் ஒருவனே என்பதில் எனக்குச் செருக்கு இருந்தது. அதை மறைத்து இதை எழுத முடியாது.

எங்கள் மேலாளர் சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்தவர். அறிக்கைகளை நின்றுகொண்டே வாசிப்பார். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அளவு கூறாத அடைமொழி எதனைக் கண்டாலும் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நான் எழுதிய முதல் அறிக்கையில் 'நல்ல படம்' என்றிருந்தது. 'நல்ல' வெட்டுண்டது.

"நல்ல எண்டால் என்ன காணும்? எத்தினை முழம்?"

"பார்ப்பதற்கு இனிமையாக இருக்கிறது ஐயா."

"இனிமை கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு. பெட்டிக்கு அளவைச் சொல்லும்."

அவரிடம் நான் கற்றது இதுவே: வேண்டாத சொல்லை வெட்டுதல். நன்றாகவே கற்றேன் என்று நினைத்திருந்தேன்.

மெல்லிய தட்டைத் திரைப் பெட்டிகள் லயங்களுக்குள் நுழையத் தொடங்கிய காலம் அது. பசறைச் சந்தியில் அன்னலட்சுமி என்ற அம்மையார் சிறிய கடை வைத்து ஒரே ஒரு நிறுவனத்தின் பெட்டிகளை விற்றுவந்தார். அவரும் லயத்தில் பிறந்தவரே. நடைபாதையில் டோர்ச் பற்றரி விற்கத் தொடங்கி, முகவர் என்று பெயர்ப்பலகை மாட்டும் நிலைக்குத் தாமாகவே உயர்ந்தவர். ஏதேனும் ஒரு பெட்டி பழுதானால் வாங்கியவரை அலையவிடாமல் தாமே முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வருவார். பற்றுச்சீட்டை நீட்டினால், "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன் சார், நீங்களே வாசிச்சுச் சொல்லிருங்க" என்பார். வாசிப்பேன். தலையசைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் பழுதான பெட்டி எதுவும் இல்லாமலே வந்தார்.

"சார், பொட்டியோட வர்ற புத்தகத்துல சைனாக்காரன் பாஷ இருக்கு, இங்கிலீசு இருக்கு, சிங்களத்துலயும் ஒரு பக்கம் இருக்காம். நம்ம பாஷ எங்க? எங்க சனங்களுக்கு பொட்டிய எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு அட்டை எழுதிக் குடுங்க. அச்சடிச்சு, நூல் கட்டி, பொட்டிக்கு ஒண்ணு குடுக்கப் போறேன். வேற எந்தக் கடைக்காரன் குடுக்கிறான்?"

என் தமிழைத் தேடி ஒருவர் வந்தார் என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்று எண்ணினால் உடல் கூசுகிறது. அன்று மாலையே அமர்ந்து பத்து வரிகள் எழுதினேன். ஒன்பது வரிகள் எளிமையாகவே அமைந்தன. இடி முழங்கும்போது இணைப்பைக் கழற்றுங்கள், பெட்டியின் பின்புறத்தை மூடாதீர்கள் என்பன போன்றவை. திரையைத் துடைப்பது பற்றிய வரியை முதலில் இவ்வாறு எழுதினேன்: 'கிழமைக்கு ஒருமுறை காய்ந்த துணியால் திரையின் தூசியைத் தட்டுங்கள்.'

வாசித்துப் பார்த்தேன். சந்தையில் கூவுவது போல இருந்தது. அட்டையில் ஒரு வரியேனும் எழுதியவனின் கல்வியைக் காட்ட வேண்டாமா? அடித்துவிட்டு எழுதினேன்: 'வாரந்தோறும் தூய துகிலால் திரையை ஒற்றித் தூய்மை செய்க.'

தூய, துகில், தூய்மை. மோனை மணிபோல் ஒலித்தது. 'காய்ந்த' என்ற சொல்லை எங்கே வைத்தாலும் ஓசை முறிந்தது. 'உலர்ந்த' என்று சேர்க்கலாமே என ஒரு கணம் தோன்றியது உண்மை. துகில் என்றாலே உலர்ந்ததுதானே என்று எனக்கு நானே விடை கூறிக்கொண்டேன்.

அட்டை பளபளப்பாக அச்சாகி வந்தது. அன்னலட்சுமி அம்மையார் அதை என் மேசையில் வைத்து, "எழுத்தெல்லாம் எடுப்பா இருக்குல்ல சார்?" என்று கேட்டார். எடுப்பாகத்தான் இருந்தது.

ஒன்றரை ஆண்டு சென்றது. ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் நலன்புரிச் சங்கங்கள் சில ஒன்றுகூடி எங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தன. சங்க மண்டபங்களுக்குத் தொலைக்காட்சி வாங்கவேண்டும். உறுப்பினர்களுக்கும் ஒன்றைப் பரிந்துரைக்கவேண்டும். எந்த நிறுவனத்தின் பெட்டியில் படம் சிறந்தது, எது நீடித்து உழைக்கும் என ஒப்பிட்டு எழுதித் தரவேண்டும். சிவபாதம் ஐயா அப்பணியை என்னிடம் ஒப்படைத்தார்.

முறைகளை அவரே வகுத்தார். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய அறையில் ஐந்து நிறுவனங்களின் ஒரே அளவான பெட்டிகளை வரிசையாக வைத்தோம். பெயர்கள்மீது தாள் ஒட்டி, அ, ஆ, இ, ஈ, உ என்று குறித்தோம். ஐந்தையும் ஒரு மணி நேரம் எரியவிட்ட பின்னரே பார்க்கலாம். ஒரே கருவியிலிருந்து ஐந்துக்கும் ஒரே காட்சி. கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் நிறப் படிகள், வெற்று வெள்ளை, விரைந்தோடும் பந்து, கொழுந்து துளிர்த்த தேயிலை மலை. ஐந்தாவதாக ஐயா தெரிந்தெடுத்த படம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. நிழலில் நிற்கும் கறுத்த முகம் ஒன்று.

"வெள்ளை முகம் எல்லாப் பெட்டியிலையும் வடிவாத்தான் தெரியும்," என்றார். "எங்கடை ஆக்களின்ரை முகம், அதுவும் நிழலுக்குள்ளை, கண்ணும் மூக்கும் பிரிஞ்சு தெரியுதோ எண்டு பாரும். அதுதான் சோதனை."

தெருவிலிருந்து ஒரு பேருந்து நடத்துநர், ஒரு தாதி, ஒரு தையற்காரர், வெலிமடையிலிருந்து மரக்கறி கொண்டுவந்த ஒரு வியாபாரி ஆகியோரை அழைத்து வந்து அமர்த்தினோம். ஒவ்வொருவரும் தனித்தனியே, மற்றவர் கேட்காதபடி, வரிசைப்படுத்தவேண்டும். நால்வரும் முதலிடம் தந்தது 'ஈ' பெட்டிக்கே. நிழலில் நின்ற அந்த முகத்தின் புருவ மயிர்கூட அதில் தெரிந்தது. "இவரு மட்டுந்தான் சார் உயிரோட இருக்காரு. மத்த நாலு பேரும் கரிக்கட்ட" என்றார் நடத்துநர். தாளை உரித்தோம். 'ஈ' என்பது அன்னலட்சுமி அம்மையார் விற்கும் பெட்டி.

நீடித்துழைத்தலுக்கு வேறு சோதனை. லயங்களில் மாலையில் கிடைக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்து, எந்தப் பெட்டி அணைகிறது என்று பார்த்தோம். எதுவும் அணையவில்லை. ஆகவே ஒன்றரை ஆண்டுத் திருத்தப் பதிவேட்டைப் பிரித்தேன். அங்கேதான் முதல் அதிர்ச்சி. திரை பழுதாகி வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை 'ஈ'. எல்லாவற்றிலும் ஒரே நோய்: திரையின் அடியிலிருந்து மேல்நோக்கி எழும் வண்ணக் கோடுகள். முதலில் மயிரிழை போல ஒன்று. சில வாரங்களில் பத்து. பின்னர் பாதித் திரை இருண்டுவிடும். ரவீந்திரன் கதவிலிருந்தே குரல் கொடுப்பார்: "புலவர் சார், இன்னொரு ஈ பறந்து வந்திருச்சு!"

அந்தப் பெட்டிகளைத் திறந்தேன். தட்டைத் திரையின் அடிவிளிம்பில் நாடா போன்ற மெல்லிய இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். படத்தைத் திரைக்குக் கொண்டு செல்பவை அவையே. உருப்பெருக்கியில் பார்த்தபோது, 'ஈ' பெட்டிகளின் இணைப்புகள் அரிக்கப்பட்டு, அவற்றின் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. மற்ற நிறுவனப் பெட்டிகளில் அந்த மஞ்சள் இல்லை. பசை தரமற்றது, ஆகவே மஞ்சளித்து விட்டுப்போகிறது என்று முடிவு கட்டினேன். ஐயம் எழாமல் இல்லை. பெட்டி கொண்டுவந்தவர்களிடம் கேட்டேன்.

"திரையை எதனால் துடைக்கிறீர்கள்?"

"துணியாலதான் சார்."

"தண்ணீர் பட்டதா?"

"தண்ணியா? எங்க வீட்டுக்காரரு தண்ணிய தொட்டே ரெண்டு வருசமாச்சுங்க" என்றார் ஓர் அம்மையார். திருத்தகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, படிவத்தில் 'துணி. நீர் படவில்லை' என்று எழுதினேன்.

அறிக்கையில் படத்தரத்துக்கு 'ஈ' முதலிடம், நீடித்துழைத்தலுக்கு 'ஈ' கடைசி என்று வரிசைப்படுத்தினேன். காரணம்: 'பசையின் தரக்குறைவு.' சிவபாதம் ஐயா நின்றபடி வாசித்து, அந்த வரியின் ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி இட்டார்.

"பசை எண்டு எப்பிடித் தெரியும்?"

"மஞ்சளித்திருக்கிறது ஐயா. மற்றவற்றில் இல்லை."

 சங்கத்தார் வாசலில் காத்திருந்தார்கள். கேள்விக்குறியை அழித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அறிக்கை வெளியாவதற்கு முன்பே அன்னலட்சுமி அம்மையாருக்குச் செய்தி எட்டிவிட்டது. வந்து என் எதிரே அமர்ந்தார். கையில் பெட்டி இல்லை, பையும் இல்லை.

"சார், என் பொட்டி மேல என்ன குத்தம்?"

"பசை சரியில்லை அம்மா. நிறுவனத்தின் குறை. உங்கள் குறை அன்று."

"சனங்களுக்கு கம்பெனியா தெரியும்? அவங்களுக்கு தெரிஞ்சது இந்த மூஞ்சிதானே. பஸ்ஸுல வச்சே கேக்கிறாங்க சார், 'என்னா அன்னம், கோடு போட்ட டிவி இன்னும் ஸ்டொக் இருக்கா'ன்னு. நெசமாவே கெட்ட பொட்டிதானா? நீங்க சொன்னா நான் நம்புறேன்."

நெஞ்சறிய ஒரு பொய்யும் நான் கூறவில்லை. "ஆம்" என்றேன். எழுந்து போய்விட்டார். இரண்டு மாதங்களில் நிறுவனம் அவரது முகமையை நீக்கி, பதுளை நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொடுத்தது.

அதன் பிறகு வந்ததே கொஸ்லந்தைப் பெட்டி. முனியாண்டி என்ற தொழிலாளியும் அவர் மனைவி செல்லம்மாவும், செல்லம்மாவின் தாய்வீட்டுக்குப் போனபோது பசறைக் கடையில் வாங்கியது. இருமுறை திரையை மாற்றிக் கொடுத்தாயிற்று. மூன்றாம் முறையும் கோடு. மாற்றிய இரண்டு திரைகளும் வேறு வேறு தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை, பசையும் வேறு. அப்படியிருந்தும் அதே கோடு, அதே மஞ்சள்.

ஐயா பதிவேட்டை மூடினார். "மூண்டு முறை ஒரே நோய் வந்தால் நோயாளியை விட்டிட்டு வீட்டைப் பாக்கவேணும். போம்."

மூன்றாம் முறையும் திரையை மாற்றிப் பெட்டியை அனுப்பிவிட்டு, சில வாரம் கழித்து நான் அறிவிக்காமலே போனேன். ஒரு வெள்ளிக்கிழமை. பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பேருந்தில் வந்திறங்கி, தோட்டத்துக்கு நடந்து, அவர்கள் லயத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. முனியாண்டி வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. நம்ம டிவி இந்த வருசத்துல மூணு தடவ பதுளைக்குப் போயிட்டு வந்திருச்சு. நான் போனது ஒரே தடவ, அதுவும் அதைத் தூக்கிக்கிட்டு."

மீட்டரை எடுத்து மின்னழுத்தத்தை அளந்தேன். சீராக இருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. சுவரில் ஈரம் இல்லை. அடுப்புப் புகையும் அந்த அறைக்கு வரவில்லை. அந்த வீட்டில் பெட்டி கெடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

செல்லம்மா தலைமுழுகிய ஈரக் கூந்தலோடு உள்ளிருந்து வந்தார். "இன்னைக்கு கொழுந்து கம்மி சார், வெள்ளனவே விட்டுட்டாங்க. உக்காருங்க, வெள்ளிக்கிழம வேலைய முடிச்சிட்டு தேத்தண்ணி ஊத்துறேன்."

கையில் ஒரு பித்தளைச் செம்பு. மற்றக் கையில் சிவப்புக் கரையிட்ட பட்டுத் துண்டு. சாமிப் படங்களைத் துடைத்தார். பின்னர் பட்டுத் துண்டைச் செம்பில் தோய்த்து, மென்மையாகப் பிழிந்து, தொலைக்காட்சியின் முன் நின்றார். திரையின் மேல் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி ஒற்றத் தொடங்கினார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. கோயிலில் பாடும் ஏதோ ஒரு வரி என்று நினைத்தேன். எங்கேயோ கேட்டது போல இருந்தது. மூன்றாம் முறை கூறியபோதே சொற்கள் பிரிந்து கேட்டன.

"வாரந்தோறும் தூய துகிலால் திரையை ஒற்றித் தூய்மை செய்க... வாரந்தோறும் தூய துகிலால்..."

 திரையின் மீது ஒரு மஞ்சள் துளி இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக வந்து, அடிச்சட்டத்தின் இடுக்கில் நுழைந்து மறைந்தது. அந்தத் துளி எங்கே போகிறது என்பதை அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவனே. உருப்பெருக்கியின் கீழ் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பசை என்று பெயர் வைத்திருக்கிறேன்!

"அம்மா," என்றேன்.  "என்ன செய்கிறீர்கள்?"

"தூய்மை செய்யிறேன் சார்."

"தண்ணீராலா?"

"ஐயய்யோ! தண்ணி பட விடுவேனா? மஞ்சத் தண்ணிங்க."

"யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"அட்டையில போட்டிருக்கே!" சாமிப் படங்களுக்கு நடுவே ஆணியில் தொங்கிய அட்டையைக் காட்டினார். அதன் மூலையில் சந்தனப் பொட்டு. "மத்த வரியெல்லாம் வெளங்குச்சு சார். இது மட்டும் சாமி பாட்டு மாதிரி இருந்துச்சா, பசறைக் கோயில் பூசாரியத்தான் எல்லாரும் கேட்டோம். துகில்னா சாமிக்குச் சாத்துற பட்டுன்னாரு. தூய்மைன்னா சும்மா கூட்டிப் பெருக்குறது இல்ல, மஞ்சத் தண்ணியால சுத்தி பண்றதுன்னாரு. வாரத்துக்கு ஒரு நாள்னா வெள்ளிக்கிழமதானே. பாட்டு மாதிரி இருக்கிறதால மறக்கவே மாட்டேங்குது. பசறைக் கடையில வாங்கின அத்தன வீட்டுலயும் இப்படித்தான்."

"வேறு கடையில் வாங்கியவர்கள்?"

"அவங்களுக்குத்தான் அட்டையே கெடையாதே. பக்கத்து வீட்ல பாருங்க, முந்தானையால ரெண்டு தட்டு, அவ்வளவுதான். டிவி கழுவாத மூஞ்சி மாதிரி கெடக்கு."

"அது பழுதானதா?"

"அது எங்க சார் பழுதாகுது," என்றார் வாசலிலிருந்து முனியாண்டி. "குளிக்காதவனுக்கு சளி புடிக்குமா?"

என் தாயும் வெள்ளிதோறும் வீடு முழுதும் மஞ்சள் நீர் தெளித்தவரே. 'சுத்தி' என்ற சொல்லை அறியாமலா வளர்ந்தேன்? தண்ணீர் பட்டதா என்று கேட்டபோது அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தண்ணீர் அன்று. அதை அறிந்திருக்கவேண்டியவன் நான்.

"அம்மா, இனிமேல் காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். ஈரம் கூடாது."

"காஞ்ச துணியா?" செல்லம்மா அட்டையைத் திரும்பிப் பார்த்தார். "அட்டையில அப்படி இல்லையே."

"அட்டை பிழை."

"அச்சுல வந்தது எப்படி சார் பிழையாகும்?" அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார். எழுதியவன் நான்தான் என்று அப்போது நான் சொல்லவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தேன். அதன் சுவை நினைவில் இல்லை.

மறுநாள் அட்டையைச் சிவபாதம் ஐயாவின் முன் வைத்தேன். நின்றபடி வாசித்தார். பென்சில் ஆறாம் வரியில் நின்றது.

"இதிலை 'காய்ஞ்ச' எங்கை?"

"வெட்டிவிட்டேன் ஐயா."

"ஏன்?"

"மோனைக்காக."

அவர் அமர்ந்தார். அவர் அமர்ந்து ஒன்றை வாசித்ததை நான் அன்றுதான் கண்டேன். 

"இத்தினை வருசமாய் உமக்கு அடைமொழியை வெட்டும், வெட்டும் எண்டு சொல்லித் தந்தன்," என்றார். "வெட்டக் கூடாத ஒண்டையே வெட்டிப்போட்டீரே காணும்."

பென்சிலை மேசையில் வைத்தார். அவர் தொடர்ந்தார்: "அந்தக் கேள்விக்குறியை நானும் அழிச்சிருக்கக் கூடாது. திருத்தம் எழுதும். உம்மடை பேரைப் போட்டு எழுதும். கீழை நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். 'ஈ' பெட்டியில் குறையில்லை, குறை அட்டையில், அட்டையை எழுதியவன் இவன். சங்கங்கள் வரிசையைத் திருத்திக்கொண்டன. புதிய அட்டை ஒன்றும் அச்சிட்டோம். அதில் இருந்தவை இரண்டே வரிகள்: 'காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். மஞ்சள் தண்ணீரும் தண்ணீர்தான்.' அதை எடுத்துக்கொண்டு விடுமுறை நாள்களில் லயம் லயமாகப் போனேன். பல வீடுகளில் பழைய அட்டையைக் கழற்ற மனமில்லாமல் அதன் அருகிலேயே புதியதையும் மாட்டினார்கள். திருத்திக் கொடுத்த 'ஈ' பெட்டிகள் திரும்பி வரவில்லை. கொஸ்லந்தைப் பெட்டியும் வரவில்லை. ஆனால் அன்னலட்சுமி அம்மையாரின் முகமையைத் திருப்பித் தர நிறுவனம் இணங்கவில்லை. நகரத்துக் கடைக்காரரும் விட்டுக் கொடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது பசறைக்குப் போனது. கடையில் தொலைக்காட்சி அடுக்கிய தட்டுகளில் வெலிமடை லீக்ஸும் கரட்டும் இருந்தன. பழைய பெயர்ப்பலகையை மறுபுறம் திருப்பி, அதன்மேல் உருளைக்கிழங்கு குவித்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கூறினேன். மோனையையும் கூறினேன். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. பூசணிக்காய் ஒன்றைத் தராசிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"அப்ப என் பொட்டி நல்ல பொட்டிதான்?"

"நல்ல பெட்டி" என்றேன். அளவு கேட்க ஐயா அங்கே இல்லை.

"எனக்குத் தெரியும் சார். ஆனா நீங்க சொன்னீங்களேன்னு நம்பினேன்." பிறகு, "உள்ள வாங்க" என்றார்.

கடையின் பின்னறையில் ஒரு 'ஈ' பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரக்கில் வந்ததாம், எல்லாவற்றிலும் பழையது. திரையில் ஒரு கோடு இல்லை. ஒரு பெண் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் புருவம்வரை தெளிவாகத் தெரிந்தது. பெட்டிக்கு மேலே ஆணியில் என் பழைய அட்டை தொங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இந்தப் பெட்டி மட்டும் எப்படி அம்மா? அட்டை இங்கேயும் இருக்கிறதே. நீங்கள் வெள்ளிதோறும்..."

"நான் எங்க சார் வாசிச்சேன்?" என்றார். "எப்பவும் கண்ணாடிய மறந்துட்டேன்னு சொல்லுவேன்ல, எனக்கு கண்ணாடியே கெடையாது. எழுத்தும் கெடையாது. தூசி இருந்தா தட்டுவேன், அவ்வளவுதான்."

 அவர் அட்டையை ஆணியிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இவ்வளவு காலமா மாட்டி வச்சிருக்கேன். ஊரே இதால கெட்டுதுங்கிறீங்க. அந்த வரிய ஒருக்கா வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். வேறு வழி இருக்கவில்லை. வாரந்தோறும் தூய துகிலால் திரையை ஒற்றித் தூய்மை செய்க.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கேக்க நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். அட்டையை வாங்கி, தோளில் கிடந்த துவாயால் அதன் தூசியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மீண்டும் ஆணியில் மாட்டினார்.